முற்றத்தில் ஈயம் உருக்குகிற வீடு: பிள்ளையின் மூளையை வல்லாரைச் சாறு காக்குமா?

மண்டபம்_மருமகள் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மண்டபத்துக்குப் பக்கத்தில், வடகடல் ஓரம் ஒரு மீனவர் குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போய் நண்டுவலை போடுகிறார். வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டை வீட்டிலேயே வார்ப்பதுதான் மாமனார் காலத்திலிருந்து வழக்கம். பிய்ந்த வலையில் அவிழ்த்த பழைய ஈயம், பழைய இரும்புக்கடையில் வாங்கிய பேட்டரித் தகடு எல்லாவற்றையும் ஒரு இரும்புச்சட்டியில் போட்டு, முருங்கை மரத்தடியில் மூன்று கல் கூட்டி விறகு மூட்டி உருக்குவார்கள். மேலே ஏடு மாதிரி படியும் கசடைக் கரண்டியால் வழித்து மரத்தடியிலேயே தட்டிவிடுவார்கள். கயிற்றில் கோத்த பிறகு குண்டின் வாயைப் பல்லால் கடித்து இறுக்குவது என் வீட்டுக்காரர் பழக்கம். மகனுக்கு நாலு வயது. அப்பாவைப் பார்த்து அவனும் ஒரு குண்டை வாயில் அடக்கிக்கொண்டு திரிகிறான்.

அங்கன்வாடி டீச்சர் போன வாரம் கூப்பிட்டு, பையன் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், சொன்னதைப் பிடித்துக்கொள்ள நேரம் ஆகிறது என்றார். முகாமில் பார்த்தபோது ரத்தச்சோகையும் இருக்கிறது என்றார்கள். ஈயம் மூளையைக் கெடுக்கும் என்று செல்போனில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

டவுனில் ஒரு மூலிகைக் கடையில் கேட்டேன். வல்லாரையும் மஞ்சளும் சேர்ந்த மாத்திரை, மூளைக்குள் போன ஈயத்தை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும், எலியில் நிரூபித்தாகிவிட்டது என்று ஒரு ஆராய்ச்சித் தாளைக் காட்டினார்கள். மாதம் ஆயிரத்துக்கு மேல் ஆகும். மாமியார், அதெல்லாம் எதற்கு, நம்ம முருங்கைக்கீரையே போதும் என்கிறார். பக்கத்து வீட்டில் பாசி எடுக்கப் போகிற அக்கா, கட்டக்கோரையைக் காயவைத்துப் பொடித்துக் கஷாயம் கொடு, பாசிக்கு உலோகத்தை இழுக்கும் சக்தி உண்டு என்கிறார்.

யார் சொல்வதைக் கேட்பது? கொடுப்பது என்றால் எவ்வளவு கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

தொண்டி_காக்கா:

தங்கச்சி, பயப்படாதீங்க. எங்க வாப்பா காலமெல்லாம் ஈயம் உருக்கினவங்க. கடைசிவரை கணக்கு வழக்கு எதையும் மறக்கல. வீட்டுல தினமும் பூண்டுப் பால் கொடுப்பாங்க. பூண்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்னு ஆராய்ச்சியிலேயே வந்திருக்கு. பிள்ளைக்கு ரெண்டு பல் பூண்டை நல்லா வேகவச்சு சோத்துல பிசைஞ்சு கொடுங்க. மாத்திரைக்குக் காசைக் கொட்டாதீங்க.

—

பாம்பன்காரி:

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது அந்த முருங்கை மரத்தை நினைத்துத்தான். கசடு தட்டுகிற அதே மரத்தடி. கீரையும் அதே மரத்தில்தான் ஒடிக்கிறீர்கள், இல்லையா? அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வெளியூரில் ஒரு மருந்தியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எலிக்கு ஈயம் கொடுத்து, கூடவே மூலிகைச் சாறு கொடுத்து, மூளைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அதனால் கடைக்காரர் காட்டிய தாளில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாள் சொல்வது ஒன்று, அவர் விற்பது வேறு ஒன்று.

அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். எலிகளை நாலைந்து கூட்டமாகப் பிரிப்போம். ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். ஒன்றுக்கு ஈய அசிட்டேட் கரைத்த தண்ணீர். அடியில் படியாமல் இருக்க அதில் சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவோம். இன்னொன்றுக்கு ஈயமும் கொடுத்து, அதே நாட்களில் வல்லாரையோ முருங்கையோ நெல்லியோ, சாராயத்தில் ஊறவைத்து வற்றவைத்து எடுத்த சாற்றை, முனையில் உருண்டை வைத்த ஊசியால் நேராக இரைப்பைக்குள் செலுத்துவோம். சில வாரம் கழித்து, பால்பவுடர் கலக்கிய வட்டத் தொட்டியில் எலியை நீந்தவிடுவோம். தண்ணீருக்கடியில் ஒரு மேடை மறைந்திருக்கும். ஈயம் மட்டும் குடித்த எலி அதைத் தேடித் தேடிச் சுற்றும். சாறும் சேர்த்துக் குடித்தது கொஞ்சம் சீக்கிரம் போய் ஏறிக்கொள்ளும்.

அப்புறம் மூளையை எடுத்து, குளிர்ந்த கரைசலில் அரைத்து, ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துச் சூடாக்குவோம். மூளையின் கொழுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு ரோஸ் நிறம் ஏறும். ஈயக் கூட்டத்துக் குழாய் நல்ல ரோஸ். சாறு குடித்த கூட்டத்துக் குழாய் வெளிறி இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். எனக்கு இந்த வேலை பிடித்ததே அந்த நிறத்தைப் பார்த்துத்தான்.

ஏன் அப்படி ஆகிறது? ஈயம் உடம்புக்குள் கால்சியம் மாதிரி வேஷம் போடும். கால்சியத்துக்குத் திறக்கிற கதவெல்லாம் அதற்கும் திறக்கும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற தடுப்பையும் தாண்டிவிடும். மூளையில் நினைவைப் பதிக்கிற ஏற்பிகளை அடைக்கும். கந்தகம் உள்ள பொருள்களோடு ஒட்டிக்கொள்வதால், செல்களைக் காக்கும் குளுட்டாதையோன் குறையும். அது குறைந்தால் ஆக்சிஜனின் கேடு கூடும். மூலிகைச் சாறுகள் இந்தக் கடைசிப் பகுதியில்தான் உதவுகின்றன: குறைந்த குளுட்டாதையோனைக் கூட்டி, கொழுப்பு கெடுவதைக் குறைக்கின்றன. மஞ்சளின் குர்க்குமின், பச்சைத்தேயிலை, வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா, முருங்கை எல்லாவற்றிலும் எலியில் இந்த மாதிரி முடிவு வந்திருக்கிறது. இது உண்மை. நான் என் கையால் செய்து பார்த்த உண்மை.

ஆனால் கவனியுங்கள். சாற்றை ஈயத்தோடு ஒன்றாக, பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கொடுக்கிறோம். எலிக்கு ஈயம் கொடுப்பது சில வாரத்தோடு முடிந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு அப்படி இல்லை. தினமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. அளவும் வேறு. எலியில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது சாதாரணமாகக் கொடுக்கிற அளவு. அதை உடல் பரப்புக் கணக்கில் மாற்றினால் 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2 கிராம் சாறுப்பொடி வரும். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாகக் கிடைக்கிறது என்று வைத்தாலும், நாளுக்கு 20 கிராம் காய்ந்த இலை. நாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு, எத்தனை மாதம், ஈரலுக்கு என்ன ஆகும் என்பதை அந்தத் தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை டப்பாவில் போட்டிருக்கும் அளவு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்குவதற்கென்றே சக்சிமர் என்று ஒரு மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் இருந்த 780 குழந்தைகளுக்கு, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 20 முதல் 44 மைக்ரோகிராம் ஈயம் இருந்தவர்களுக்கு, பாதிப் பேருக்கு அதையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் ஈயம் இறங்கியது. அறிவுத் திறன் சோதனையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஏழு வயதில் மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை. ஈயத்தை இழுப்பதற்கென்றே செய்த மருந்தின் கதை இது. கீரை மாத்திரை மூளையிலிருந்து ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்கிறவரை எப்படி நம்புவது?

காக்கா சொன்ன பூண்டு ஆராய்ச்சி உண்மைதான். இரானில் மஷாத் நகரத்தில் கார் பேட்டரித் தொழிற்சாலை ஆட்கள் 117 பேரை வைத்துச் செய்து 2012-ல் வெளியிட்டார்கள். நாலு வாரம் பூண்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ரத்த ஈயம் சராசரி டெசிலிட்டருக்கு 42 சொச்சம் மைக்ரோகிராமிலிருந்து 34 சொச்சமாக இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்த மருந்தைவிடப் பக்கவிளைவும் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் எந்த மருந்தும் சாப்பிடாத கூட்டம் என்று ஒன்று அதில் இல்லை, எல்லோரும் வளர்ந்த ஆட்கள், 34 என்பதும் பெரிய எண்தான். அதே இரானில் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்குக் கொத்தமல்லிச் சாறு கொடுத்துப் பார்த்ததில், வெற்று மருந்து குடித்த பிள்ளைகளைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. பூண்டு போடுங்கள் காக்கா, ருசிக்கும் நல்லது. ஆனால் வாப்பா நன்றாக இருந்தார்கள் என்பதை வைத்து நாலு வயதுப் பிள்ளையை அளக்காதீர்கள். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். சின்னப் பிள்ளைக்குப் பாதி வரை சேர்ந்துவிடும். வளர்கிற மூளை வேறு.

இப்போது முருங்கை. உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வேறு காரணத்துக்காக. வயிறு காலியாக இருந்தாலும், இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தாலும் குடல் ஈயத்தை அதிகம் வாங்கிக்கொள்ளும். உங்கள் பையனுக்கு ரத்தச்சோகை என்றீர்களே, அதுதான் எனக்கு அதிகக் கவலை. ஈயமே ரத்தம் ஊறுவதைத் தடுக்கும். ரத்தம் குறைந்தால் ஈயம் இன்னும் சேரும். கிராம சுகாதார செவிலியர் கொடுக்கிற இரும்புச்சத்து டானிக்கை விடாமல் கொடுங்கள். கேழ்வரகு, பால், கீரை, எலுமிச்சை பிழிந்த சோறு, முள்ளோடு மென்று தின்னும் காரலும் நெத்திலியும், எல்லாம் இதற்கு உதவும். பிள்ளை பசியோடு முற்றத்தில் விளையாடக் கூடாது, ஏதாவது தின்றுவிட்டுப் போகட்டும்.

ஆனால் கீரையை அந்த மரத்தில் ஒடிக்காதீர்கள். வேர் வழியாக ஈயம் இலைவரை ஏறுவது குறைவுதான். கசடு காய்ந்து தூளாகி, கச்சான் காற்றில் எழும்பி இலைமேல் படிகிறதே, அதுதான் பெரிய பங்கு. முருங்கை இலை சின்னது, நரம்போரத்தில் தூசி தங்கும். ஒருமுறை அலசினால் போகாது. வேறு வீட்டு மரத்துக் கீரை வாங்குங்கள், அதையும் நாலு தண்ணீரில் அலசுங்கள்.

கட்டக்கோரை வேண்டாம். பாசி உலோகத்தை இழுக்கும் என்று அந்த அக்கா சொன்னது சரி. அதனால்தான் சொல்கிறேன், கடலிலேயே இழுத்து வைத்திருக்கும். ஜப்பானில் சாப்பிடுகிற ஹிஜிகி என்ற பாசி கட்டக்கோரையின் சொந்தம்தான். அதில் ஆர்சனிக் மிகுதி என்று 2004-லேயே இங்கிலாந்து அரசு, சாப்பிடாதீர்கள் என்று மக்களுக்குச் சொன்னது. தொழிற்சாலைக்குக் கொடுக்கிற பாசியைப் பிள்ளைக்குக் கஷாயம் வைக்கிற பேச்சே வேண்டாம்.

இனி மாத்திரைக்கு வைத்திருந்த அந்த ஆயிரத்தை எதற்குச் செலவு செய்யலாம் என்று சொல்கிறேன். பையனுக்கு நரம்பில் ரத்தம் எடுத்து ஈய அளவு பாருங்கள். அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கினால், ரத்தத்தைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க வழி சொல்வார்கள். முடியை வெட்டிச் சோதிக்கிறேன், மருந்து கொடுத்துச் சிறுநீர் பிடித்துச் சோதிக்கிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு ஒன்று கிடையாது. ஆனாலும் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 45-ஐத் தொட்டால் மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுப்பார்கள். உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடவே வேண்டாம், முற்றத்திலேயே இருக்கிறது. ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் உருக்குவதை இன்றே நிறுத்துங்கள். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும், எலும்பில் போனதோ பத்து இருபது வருஷம் குடியிருக்கும். ஒரு வாரம் முன்னால் நிறுத்தினாலும் அந்த ஒரு வாரம் பிள்ளைக்கு லாபம்.

—

பரமக்குடி_சித்தன்:

பாம்பன்காரி சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் சித்த மருத்துவம் படித்துப் பதிவு செய்து வைத்தியம் பார்க்கிறவன். வல்லாரை எங்களுக்கு நெருங்கிய மூலிகை. ஞாபகத்துக்கு, நரம்புத் தளர்ச்சிக்குக் கொடுக்கிறோம். ஈயத்தை மூளையிலிருந்து இறக்குவதற்கு என்று நான் கொடுக்க மாட்டேன்.

அம்மா, அந்த டப்பாவை வாங்கியிருந்தால் திருப்பிப் பாருங்கள். செந்தூரம், பற்பம், ரசம் (பாதரசம்), இலிங்கம் என்று உலோகமோ தாதுவோ சேரக்கூடிய மருந்தின் பெயர் எதாவது எழுதியிருந்தால், வைத்தியர் நேரில் பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் எழுதாமலே கலந்திருப்பதும் உண்டு. 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரத்துக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70-ஐச் சோதித்தபோது 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயத்துக்கு மருந்து என்று ஈயத்தையே கொடுத்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? இதைச் சொல்வதால் எங்கள் வைத்தியத்துக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டால்தான் இழுக்கு.

வல்லாரை ஈர நிலத்தில் வளர்வது, மண்ணிலும் நீரிலும் உள்ள உலோகத்தை வாங்கிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. சாக்கடை ஓரத்திலும் தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்காலிலும் பறித்ததை வாங்கக் கூடாது. துவையலாக அரைத்து எப்போதாவது கொடுப்பதில் தவறில்லை.

மஞ்சளுக்கும் இதே எச்சரிக்கை. நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கதேசத்தில் 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு இறங்கிப் பிடித்து, அபராதம் போட்டு, 2021-க்குள் அதைச் சுழியம் ஆக்கியது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் கிழங்கைத் தவிர்த்து, மங்கலான விரலி மஞ்சளை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

—

மண்டபம்_மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. பாம்பன் அக்கா, உங்கள் பதிவை வீட்டுக்காரருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பேசாமல் எழுந்து போய்ச் சட்டியையும் கரண்டியையும் சாக்கில் கட்டினார். மாமனார்தான் கோபப்பட்டார், குண்டு இல்லாமல் வலை எப்படித் தாழும் என்று. திங்கட்கிழமை பையனுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறோம்.

இரண்டு சந்தேகம். என் நாத்தனார் ஆறு மாதக் கர்ப்பமாகப் பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள். அவளும் கல்யாணத்துக்கு முன்னால் இதே முற்றத்தில் குண்டு கோத்தவள். அவளுக்கு ஆபத்து உண்டா? இரண்டாவது, மீனில் பாதரசம் இருக்கிறதாமே, அதையும் நிறுத்த வேண்டுமா? நிறுத்தினால் நாங்கள் எதைச் சாப்பிடுவது?

—

தேவிபட்டினம்_வத்தைக்காரன்:

உங்க மாமனாருக்கு நான் பதில் சொல்றேன் தங்கச்சி. நாங்களும் முன்னாடி வீட்டுலதான் வார்த்தோம். இப்ப வார்த்த குண்டாவே கிலோ கணக்குல வாங்கிக்கிறோம். பழைய ஈயத்தைக் கடையில எடைக்குப் போட்டா அந்தக் காசு கழியும். உள்ளுக்குள்ளேயே ஈயம் வச்ச கயிறும் கடையில கிடைக்குது. விலை கூடத்தான், ஆனா கோக்குற வேலை மிச்சம். வலையும் தாழும், நண்டும் விழும், அதுல குறை இல்ல.

பல்லால கடிக்கிறத மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்க. ஒரு குறடு வாங்குனா ஆயுசுக்கும் வரும். வலை வேலை பார்த்த சட்டை கைலிய பிள்ளை துணியோட சேர்த்துத் துவைக்க வேண்டாம். வெளியிலேயே கழட்டிப் போட்டு, கைகால் முகம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வரட்டும். வலையும் குண்டும் பெட்டியில, பிள்ளைக்கு எட்டாத இடத்துல.

—

பாம்பன்காரி:

வத்தைக்கார அண்ணன் சொன்னது என் ஆய்வகம் சொல்வதைவிட உபயோகமானது. ஒன்று மட்டும் கேட்கிறேன் அண்ணே, அந்த வார்த்த குண்டை எங்கோ ஒருவர் வார்க்கிறாரே, அவர் வீட்டிலும் பிள்ளை இருக்கும். உங்கள் சங்கத்தில் பேசி, குடியிருப்புக்கு வெளியே காற்றோட்டமான ஒரு கொட்டகையில், பிள்ளைகள் வராத இடத்தில் எல்லாருக்கும் சேர்த்து வார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா? இரும்போ சிமெண்ட்டோ எந்த வலைக்கு ஒத்துவரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தங்கச்சி, முற்றத்து மண்ணைப் பற்றி. உருக்கிய இடத்தைச் சுற்றி மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் தெளித்து, தூசி எழாமல் வாரிச் சாக்கில் கட்டுங்கள். கடலில் கொட்டாதீர்கள், ஓடையிலும் வேண்டாம். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று ஊராட்சியில் கேட்டு, அதுவரை பிள்ளைகள் அண்டாத இடத்தில் மூடி வையுங்கள். பள்ளத்தில் வேறு இடத்து மண்ணைப் போட்டு மூடுங்கள். இதைச் செய்யும்போது பையனும் நாத்தனாரும் வீட்டில் இருக்க வேண்டாம். வீட்டுத் தரையை விளக்குமாறால் வறட்டுவறட்டென்று பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருந்தால் அதையும் எடுத்து வைத்துவிடுங்கள். அது வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் காரீயம், அதாவது நாம் பேசுகிற இந்த ஈயம், கலந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது, புளி அதைக் கரைக்கும்.

நாத்தனாருக்குக் கட்டாயம் ரத்தம் பாருங்கள். சின்ன வயதில் சேர்ந்த ஈயம் எலும்பில் இருக்கும். கர்ப்பத்தில் பிள்ளைக்குக் கால்சியம் கொடுக்க எலும்பு கரையும்போது ஈயமும் கூட இறங்கி, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். கால்சியம் போதுமான அளவு கிடைத்தால் இது குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் போட வேண்டும். நிறையப் பேர் வாங்கிப் பரண்மேல் வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மூலிகை மாத்திரை எதுவும் கர்ப்பத்தில் வேண்டாம்.

மீனை நிறுத்தாதீர்கள். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-ல் வெளிவந்த பாதரச நோய் மீன் வழியாகத்தான் வந்தது, ஆனால் அங்கே ஒரு ஆலை பல வருஷம் பாதரசக் கழிவை வளைகுடாவில் விட்டது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்று, அதை இன்னும் பெரியது தின்று, பாதரசம் மேலே மேலே சேரும். அதனால் சுறா, மயில்மீன், பெரிய சூரை இவற்றைக் கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் தவிர்க்கலாம். காரல், சூடை, நெத்திலி, சங்கரா தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளை மூளைக்கு வேண்டிய கொழுப்பு அதில்தான் இருக்கிறது. நம் கடற்கரைக்காரர்கள் மீனைப் பயந்து விட்டுவிட்டு மாத்திரை வாங்குவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பொறுக்காது.

டீச்சர் சொன்னதை வைத்து மகனைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ரத்தச்சோகையே அப்படிச் சோர்வும் சிடுசிடுப்பும் தரும், காது கேட்பதில் குறை இருந்தாலும் அப்படித்தான் தெரியும். குழந்தை மருத்துவரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கதை சொல்லுங்கள், பாட்டுச் சொல்லிக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். சக்சிமரால் முடியாததில் ஒரு பங்கையாவது இது செய்யும் என்று நான் நம்புகிறேன்.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணோடு அலகையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு எவ்வளவு என்று போடும், சில லிட்டருக்குப் போடும். லிட்டருக்கு 80 என்றால் டெசிலிட்டருக்கு 8-தான். பெரிய எண்ணைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். சின்ன எண்ணைப் பார்த்து, அப்பாடா என்று சட்டி கட்டிய அந்தச் சாக்கை அவிழ்த்துவிடவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் பார்த்து, இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் இங்கேதான் இருப்பேன், எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்.